கரைந்துவிட்டது என்று நினைத்த குச்சி

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் ஒரு பாட்டில் தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்தேன். தாகம் போகவில்லை. இரண்டாவது பாட்டிலும் காலியானது. வெயில்தான் காரணம் என்று நினைத்தேன்.

கையில் கருத்தடைக் குச்சி வைத்துக்கொண்ட பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். எந்த ஊரிலும் ஆறு மாதம் தங்கமாட்டேன். வேடசந்தூர் நூல் மில், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை என்று மாறிக்கொண்டே இருப்பேன்.

இரண்டாவது பிரசவத்தில் தையல் போட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும் முன் இடது மேல்கையில், தோலுக்கடியில், ஒரு குச்சியும் வைத்தார்கள் (தீக்குச்சி அளவு இருக்கும், ஹார்மோனைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிட்டு மூன்று வருடம் கர்ப்பத்தைத் தடுக்கும்). தையல் நூல் தானாகக் கரைந்துவிடும் என்றார் நர்ஸ். குச்சியும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். இல்லை என்று சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை.

அதன்பின் பசி அடங்கவில்லை. ஒரு வருடத்தில் பதினான்கு கிலோ கூடினேன். மாதவிடாய் வந்தால் இருபது நாள் நிற்காது. நின்றால் மூன்று மாதம் வராது. கை பருத்ததில் குச்சி விரலுக்குத் தட்டுப்படவில்லை. கரைந்துவிட்டது என்று நிம்மதியானேன்.

தாகம் விடாமல் போகவே ஒட்டன்சத்திரத்தில் ஒரு மருத்துவரிடம் போனேன். ரத்தம் பார்த்துச் சர்க்கரை என்றார். எனக்கு இருபத்தொன்பது வயது. வேறு மருந்து எடுக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அது பொய்யில்லை, குச்சியும் மருந்துதான் என்று எனக்குத் தெரியாது. வாயைக் கட்டு என்று சொல்லி மாத்திரை எழுதினார். என் கணவர் சிரித்தார். "சந்தையில நின்னுக்கிட்டே அம்புட்டுப் பழத்த உள்ள தள்ளுனா வேற என்ன வரும்?" ஒரு வேளை சோற்றை விட்டேன். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே இரண்டு முறை மயங்கி விழுந்தேன். எடை மட்டும் இறங்கவில்லை.

திண்டுக்கல்லில்தான் ஒரு பெண் மருத்துவர், குழந்தை வேண்டாமென்று என்ன செய்துகொண்டாய் என்று கேட்டார். இந்த ஒரு கேள்விக்கு ஒன்றரை வருடம் ஆனது. ஸ்கேனில் பார்த்தபோது குச்சி முழுசாக அங்கேயே கிடந்தது.

"இதாலதான் சர்க்கரைன்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. சிலருக்கு எடை கூடும், சர்க்கரை ஏறும். பல பேருக்கு ஒண்ணும் செய்யாது," என்றார்.

எடுத்துவிடச் சொன்னேன். அங்கிருந்த நர்ஸ் ஒரு தாளை நீட்டி, வீட்டுக்காரரைக் கையெழுத்துப் போடக் கூட்டிவரச் சொன்னார்.

"வைக்கிறப்ப அவர யாரும் தேடலையேக்கா. எடுக்கிறதுக்கு மட்டும் எதுக்கு?"

மருத்துவர் அந்தத் தாளை வாங்கி என்னிடமே கொடுத்தார். நானே கையெழுத்துப் போட்டேன். மரத்துப்போக ஊசி போட்டு, சிறிதாகக் கீறி எடுத்தார்கள்.

பசி தணிந்தது. ஆறு கிலோ குறைந்தது. சர்க்கரை இறங்கியது, போகவில்லை. இப்போது கணவர் ஆணுறை வாங்குகிறார். கடையில் கூச்சப்படுகிறார். படட்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் அவசரமாகக் குச்சியை எடுக்க வேண்டாம். என்னோடு மில்லில் இருந்த ஒருத்தியும் இதே குச்சி வைத்தவள்தான், அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எந்த மருத்துவமனைக்குப் போனாலும், அவர்கள் கேட்காவிட்டாலும், கையில் குச்சி இருப்பதைச் சொல்லுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பரிசோதனை செய்கிறேன் (அந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும்). முன்பெல்லாம் ஓர் ஊரைவிட்டுக் கிளம்பினால் அங்கே கழிந்த நாட்களும் அங்கேயே நின்றுவிடும். இப்போது ஒரு மாதமாக நிலக்கோட்டையில் பூப்பறிக்கிறேன். ரத்தத்தில் இன்னும் ஒட்டன்சத்திரம் ஓடுகிறது.