ஒரு தாளம் பிந்தும் பிடில்

சாந்தோம் லூயிசாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஆர்மோனியம். மற்ற நாட்களில் மயிலாப்பூர் பயாஸ்கோப் கொட்டகையில் பியானோ. பூசைக்கு வாசித்த விரலால் கூத்துப் படத்துக்கும் வாசிக்கிறாளே என்று பங்குக்காரர்கள் முணுமுணுத்தால், "அப்ப எங்க வீட்டு அடுப்ப நீங்க வந்து மூட்டுங்க" என்பாள். சரியான வாயாடி!

புருஷன் அகஸ்டினுக்குப் பிடில். ஜெர்மனியில் ஒரு பட்டாளமே உட்கார்ந்து வாசிக்கிற இசையை, இவர்கள் இருவரும் ஊமைப்படத்துக்குத் தக்கபடி வெட்டி வாசிப்பார்கள். புயலுக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று, கதாநாயகி சாவுக்கு ஒன்று. அந்தச் சாவில்தான் வம்பு. வாசிக்கிறவன் இசைத்தாளைப் பார்க்க வேண்டாமா? இவன் திரையைப் பார்த்து அழுவான். பிடில் ஒரு தாளம் பிந்தும். வேறு வழியில்லாமல் லூயிசா அந்த இடத்தில் விரலைத் தூக்கிக் காத்திருப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம் காய்ச்சலில் அகஸ்டின் போய்விட்டான். வயிறு கேட்குமா? சீக்கிரமே தனியாக வாசிக்க வந்தாள். சாவுக் காட்சியில், பழக்கதோஷம், விரல் தானாக நின்றது. அந்த இடைவெளியில், பக்கத்துக் காலி நாற்காலியிலிருந்து பிடில் புறப்பட்டது. ஒரு தாளம் பிந்தி.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயமில்லை, ஆசைதான். திரும்பினால் போய்விடுவானோ என்று பார்க்கவேயில்லை. அன்றிலிருந்து அந்த ஒரு காட்சிக்காகவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பேசும்படம் வந்தது. படமே பாடும்போது இவள் எதற்கு? முதலாளி பியானோவை வண்டியேற்றி அனுப்பிவிட்டார். மனசு கேட்காமல் லூயிசா மத்தியான ஆட்டத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அந்தப் படத்திலும் ஒருத்தி செத்தாள். ஆனால் இசை ஒரு கணம்கூட நிற்கவில்லை. பிடில் நுழைய இடமேயில்லை. பாவி மனுஷன், இத்தோடு போய்விட்டானே என்று தேம்பிக்கொண்டே வெளியே வந்தாள்.

கூட்டம் கலைந்தது. கதவைப் பூட்டப் போன காவல்காரர் மெஹபூப் பாஷா தெருவுக்கு ஓடிவந்தார்.

"லூயிசாம்மா, உள்ள யாருமே இல்ல. ஆனா பிடில் சத்தம் கேட்டுக்கினே கீது. கொஞ்சம் வாசிக்கிது, நிக்கிது. திரும்பவும் அதே தான். யாருக்கோ காத்துக்கினு கீற மாதிரி..."

லூயிசா உள்ளே ஓடினாள். பியானோ நின்ற தடம் மட்டும்தான் இருந்தது. அங்கே மண்டியிட்டு வெறுந்தரையில் விரல்களை வைத்தாள்.

"இருங்க, இன்னைக்கு நான்தான் பிந்திட்டேன்" என்றாள்.

வாசலில் நின்ற பாஷா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். உள்ளே இப்போது பியானோவும் கேட்டது.