ரக்மா வாங்கிய பங்கு

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்த கரீம் பாட்சா சீட்டுக்கட்டைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் 1981 முதல் நான்கு வருஷம் ஒரு ரம்மி கிளப்பின் பணம் அவர் பொறுப்பில் இருந்தது.

கிளப்பை நடத்தியவர் கணேசபாண்டியன். இடம் கோலிவாடாவுடையது. தமிழர்கள் நாமெல்லாம் தாராவிக்கு வருவதற்கு முன்பே கடற்கழியில் மீன் பிடித்து வாழ்ந்த கோலிகளின் ஊர் அது. வாடகைக்குப் பதில், மேசை வசூலில் ஐந்தில் ஒன்று கோலிகளுக்கு என்று பேச்சு. கடலுக்குத் தேங்காய் விடும் பௌர்ணமிக்கு முன்னால், அடுப்புக்கு ஒரு பங்காகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதுவரை யார் வைத்திருப்பது? கணேசபாண்டியனைக் கோலிகள் நம்பவில்லை. தங்களுக்குள்ளும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. சூதாட்டக் காசு பாய்க்கு ஹராம், அதில் ஒரு டீ கூடக் குடிக்கமாட்டார் என்று சொல்லி அவரைப் பிடித்தார்கள்.

தன் பணத்தோடு அது கலந்துவிடக் கூடாதென்று அவர் வங்கியில்கூடப் போடவில்லை. பட்டறைப் பரணில் டிரங்குப் பெட்டியில் வைத்தார். அதோடு நிம்மதி போயிற்று. தொழுது முடித்ததும் விரைந்து வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார்.

"நம்ம நகைக்குக்கூட நீங்க இப்படி ஓடி வந்ததில்லையே" என்பார் மனைவி நஸீரா.

நான்காம் வருஷம் கோலிகளின் ஊர்த்தலைவர் பாட்டீல் பங்குக்கென்று சொல்லி அனுப்பிய வீடுகளில் ரக்மாவின் வீடு விடுபட்டிருந்தது. ரக்மா கோலிப் பெண். தாராவி லேபர் கேம்பில் இருந்த தமிழர் வெயிலுமுத்துவைக் கட்டி, அவர் இறந்தபின் இரண்டு பெண்களோடு அப்பா வீட்டுக்கே திரும்பியவர். அந்த வருஷம் அப்பாவும் போய்விட்டார். மதராஸியைக் கட்டியவள் கோலி இல்லை என்றார் பாட்டீல்.

கரீம் பாட்சாவுக்கு வேலை ஓடவில்லை. தைத்த பையையே பிரித்துத் தைத்தார். கடைசியில் மற்ற வீடுகளுக்கு வரவிருந்த அதே முந்நூற்று அறுபது ரூபாயைத் தன் சொந்தப் பணத்திலிருந்து எடுத்துப்போய், "உன் பங்கும்மா" என்று ரக்மாவிடம் கொடுத்தார். சூதாட்டக் காசுக்குப் பதில் உழைத்த காசு, அவளுக்கு நல்லதைத்தான் கொடுக்கிறோம் என்று நினைத்தார்.

மறுநாள் காலை ரக்மா பட்டறைக்கு வந்தார்.

"அரே பாய், மத்த வீட்டுக்கு இன்னும் குடுக்கலியாமே. எனக்கு மட்டும் என்ன?"

"அது என் காசும்மா. சுத்தமான காசு."

"சுத்தம் யாரு கேட்டா?" ரூபாய்களை அவர் தைத்துக்கொண்டிருந்த தோல்மேல் வைத்தார். "இதை வாங்கினா நான் பிச்சைக்காரி. பெட்டிக் காசு வாங்கினாத்தான் என் பிள்ளைங்க இந்த ஊர்க்காரிங்க. இன்னைக்கு பங்கு இல்லைங்கிறவன் நாளைக்கு வீடே உன்னுது இல்லைம்பான்."

பிரிக்கிற நாள் வந்தது. கரீம் பாட்சா பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார், திறக்கவில்லை.

"என்ன பாய், நாலு வருசமா தொடமாட்டேன்னீரு. இப்ப விடமாட்டேங்கீரு. ருசி கண்டுட்டீரோ?" என்றார் கணேசபாண்டியன்.

கரீம் பாட்சா பாட்டீலைப் பார்த்து, தனக்குத் தெரிந்த இந்தியில் பேசினார். அடுப்புக்கு ஒரு பங்கு என்றுதான் தன்னிடம் ஒப்படைத்தார்கள், ரக்மாவின் அடுப்பு கோலிவாடாவுக்குள்தான் எரிகிறது, அவள் யாரைக் கட்டினாள் என்று பார்க்கத் தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்றார். வேறு விதி வேண்டுமானால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சாவியை நீட்டினார்.

சாவியை யார் வாங்குவது? பாட்டீலின் தம்பி கையை நீட்டினார். உடனே நாலு பேர் கத்தினார்கள். தம்பி கையை மடக்கிக்கொண்டார். வேறு யார் பெயரைச் சொன்னாலும் நாலு பேர் ஒத்துக்கொள்ளவில்லை.

"இந்த வருஷம் கொடு, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார் பாட்டீல்.

எழுபத்தொரு அடுப்பு எழுபத்திரண்டானதில் எல்லாருக்கும் ஐந்து ரூபாய் குறைந்தது. அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டேதான் வாங்கினார்கள். ரக்மாவுக்கும் முந்நூற்று ஐம்பத்தைந்துதான். எல்லாருக்கும் முன்னால் நின்று இரண்டு முறை எண்ணி, முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

அடுத்த பௌர்ணமிக்குள் கிளப்பை மூடிவிட்டார்கள். ரக்மா பங்கு வாங்கியது அந்த ஒரு முறைதான். வீடு யாருடையது என்று அதற்குப் பிறகு யாரும் அவரிடம் கேட்கவில்லை.