சாட்சி கெடாமல்

எங்களைப் பள்ளியிலிருந்து நிறுத்தியபோது நான் ஐந்தாம் வகுப்பு, தங்கை இரண்டாம் வகுப்பு. உலகத்தின் வழிகள் பிள்ளைகளைக் கெடுத்துவிடும், அதனால் வீட்டிலேயே படிக்கட்டும் என்று அம்மா சபையில் சொன்னாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். சிலர் பொறாமைகூடப் பட்டார்கள். உண்மைக் காரணம் எங்கள் வீட்டில் இருந்த நால்வருக்கு மட்டும்தான் தெரியும்.

தங்கைக்கு வலிப்பு இருந்தது. முதல் தடவை பள்ளி மைதானத்தில், காலை வரிசையில் நிற்கும்போது வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, தன்னைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்றார். மாத்திரை சாப்பிட்டாள், வலிப்பு நின்றது. அதே மாதங்களில் சபையில் அவளுக்காக உபவாச ஜெபமும் நடந்தது. எதனால் நின்றது என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பாஸ்டர் அவளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். மைக் எட்டாததால் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏற்றி நிறுத்தினார்கள். கர்த்தர் தன்னைப் பூரணமாகச் சுகமாக்கினார் என்று, அம்மா சொல்லிக்கொடுத்தபடி, ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரை டப்பா அலமாரியின் உச்சிக்குப் போனது. அப்பா பீன்யா தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டு விஷயங்களில் அதிகம் பேசமாட்டார். அன்று மட்டும் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்றார்.

"சுகமாச்சுன்னு சபை முன்னாடி சொல்லிட்டு, வீட்ல வந்து மாத்திரை போட்டா சாட்சி கெட்டுப்போகுங்க" என்றாள் அம்மா.

விசுவாசிகள் நடந்துகொள்வதைப் பார்த்து ஊர் ஆண்டவரைப் பழிக்கும்படி ஆனால், அதைத்தான் சாட்சி கெடுவது என்பார்கள் எங்கள் ஆட்கள். அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. டப்பா உச்சியிலேயே இருந்தது.

கொஞ்ச காலம் ஒன்றும் இல்லை. பிறகு அது வேறு உருவத்தில் வந்தது. கீழே விழமாட்டாள், கை கால் இழுக்காது. பேசிக்கொண்டே இருப்பவள் சட்டென்று நின்றுபோவாள். பார்வை ஒரே இடத்தில் குத்திட்டிருக்கும், உதடு மட்டும் அசையும். பள்ளியில் மிஸ் இதைக் கவனித்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பாள் அம்மா. அதனால் வீட்டுக் கதவை மூடினாள். எனக்கு வாய் நீளம் என்பதால் என்னையும் உள்ளே வைத்து மூடினாள்.

சாப்பாட்டு மேசைதான் பள்ளிக்கூடம். தங்கள் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெளிநாட்டு மிஷனரிக் குடும்பம் விட்டுப்போன பாடப் புத்தகங்கள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய எங்களிடம் வந்து சேர்ந்தன. கணக்கெல்லாம் டாலரில் இருந்தது. அறிவியல் புத்தகத்தில் பிள்ளைகள் பனியில் பொம்மை செய்தார்கள். லிங்கராஜபுரத்துச் சந்தில் தண்ணீர் லாரி ஹாரன் அடிக்க, நாங்கள் பார்த்தே இராத மரங்கள் எந்த மாதத்தில் இலை உதிர்க்கும் என்று மனப்பாடம் செய்தோம். தமிழுக்கு வேதாகமம் மட்டும்தான். அதனால் தங்கை பசித்தால் "போஜனம் ஆயத்தமா?" என்பாள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

அம்மா நன்றாகச் சொல்லிக்கொடுத்தாள், அதை மறைக்க மாட்டேன். பின்னமோ இலக்கணமோ, எங்களுக்குப் புரியும்வரை விடமாட்டாள். ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. எனக்கு ஆத்திரமே அதில்தான். கொடுமைக்காரியாக இருந்திருந்தால் வெறுத்துத் தலைமுழுகியிருப்பேன்.

ஒருநாள் மாடிவீட்டுக் கன்னடக்கார ஆன்ட்டி ஏதோ கேட்டு வந்தபோது தங்கை அப்படி நின்றுகொண்டிருந்தாள். குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று அவர் பதறினார். ஜெபம் செய்கிறாள் என்று அம்மா கன்னடத்தில் சொன்னாள். பொய் வாயில் வந்துவிட்டது. வந்தது உட்கார்ந்தும் விட்டது. அதன்பின் எங்கள் வீட்டில் வலிப்பு என்ற சொல்லே கிடையாது. "அவ ஜெபத்துல இருக்கா" என்போம். காலப்போக்கில் அம்மா அதை நம்பவே ஆரம்பித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். சபைக்கும் செய்தி பரவியது. பெண்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிவந்து, தங்கையின் கையை எடுத்து அவற்றின் தலையில் வைத்துக்கொண்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அதைத் தாழ்மை என்றார்கள்.

சமையலும் எங்களுக்குப் பாடம்தான். தங்கைக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, ஒரு மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். மேசையிலிருந்து எனக்குச் சமையலறை தெரியும். பானையைச் சாய்த்தவள் அப்படியே நின்றுபோனாள். பானை சரிந்து, கொதிக்கும் கஞ்சி அவள் இடது கையிலும் தொடையிலும் கொட்டியது. அவள் கத்தவில்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் ஓடிப்போய் இழுப்பதற்குள் முழுதும் கொட்டிவிட்டது. அப்புறம்தான் அவளுக்கு நினைவு வந்தது, அலறினாள்.

ஆஸ்பத்திரியில் கை தவறிவிட்டது என்றாள் அம்மா. டாக்டரம்மா நம்பவில்லை. வடிக்கும்போது மயக்கம் வந்ததா, முன்னால் ஏதாவது வியாதி உண்டா என்று கேட்டார். அம்மா தரையைப் பார்த்தாள். நான் சொன்னேன். மாத்திரை, நாற்காலி, மைக், எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என்னைத் தடுக்கவில்லை. டாக்டரம்மா தங்கையின் பக்கம் குனிந்து, வலிப்பு நிற்கவில்லை என்பது உனக்குத் தெரியுமா, ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியும் டாக்டர். எனக்குச் சுகமாகவே இல்ல. நான் பொய்ச்சாட்சி சொல்லிட்டேன். அதனாலதான் கர்த்தர் திரும்பக் கொடுத்துட்டாரு" என்றாள்.

பத்துக் கட்டளைகளும் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது அதில் ஒன்று. அத்தனை வருடமும் நாங்கள் ஜெபம் என்று சொன்னதை அவள் தண்டனை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் நினைவு திரும்பியதும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். வெளியே சொன்னால் அம்மாவின் சாட்சி கெட்டுவிடும் என்று வாய் திறக்கவில்லை.

அன்றே மாத்திரை தொடங்கியது. அடுத்த ஞாயிறு அம்மா சபையில் எழுந்து நின்று, அந்தச் சாட்சி பிள்ளை சொன்னதல்ல, தான் சொல்லவைத்தது என்றாள். பாஸ்டர் சட்டென்று பாட்டை ஆரம்பித்துவிட்டார். நாங்கள் பிறகு அங்கே போகவில்லை.

தங்கைக்குக் கடைசியாக வலிப்பு வந்து வருடங்களாகிவிட்டன. இடது கை விரல்கள் முழுதாக மடங்காது. இப்போதும் மாத்திரை போடும் முன் தங்கை கண்ணை மூடி, மன்னித்துக்கொள்ளும் ஆண்டவரே என்கிறாள். நீ பொய் சொல்லவில்லை, மருந்தை நிறுத்தியதால் திரும்பி வந்த வியாதி அது என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லாத நாள் இல்லை. கோபமாகச் சொல்லிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். சரிம்மா என்பாள் தங்கை. எங்களுக்கு எல்லாவற்றையும் புரியும்வரை சொல்லிக்கொடுத்த அம்மாவால் அந்த ஒன்றை மட்டும் அவளுக்குப் புரியவைக்க முடியவில்லை.