படியில் திரும்பாத கட்டில்

மெத்தையின் பிளாஸ்டிக் உறையைத் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை உள்ளங்கையால் நீவிவிடுகிறார். ஓரிடத்தில் முழங்கை அழுந்திய பள்ளம் தெரிகிறது. அதைக் கீழிருந்து தட்டி எழுப்புகிறார். ராத்திரி அவிழ்த்து வைத்த விலைச்சீட்டை மறுபடி கட்டிலின் காலில் கட்டிவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். ஆள் படுத்த சுவடே இல்லை. அதன் பிறகுதான் கண்ணாடிக் கதவில் தொங்கும் பலகையைத் 'திறந்திருக்கிறது' என்று திருப்புவார். எதிர்ச்சாரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்குப் பொழுது விடிந்ததற்கு இதுதான் அடையாளம்.

அந்த மரச்சாமான் கடையில் அவரை எல்லோரும் ராசி என்பார்கள். அவர் எந்தக் கட்டிலில் படுக்கிறாரோ அது ஒரு வாரத்துக்குள் விற்றுவிடும். இதைக் கண்டுபிடித்தவர் முதலாளி. மாதக்கணக்கில் ஆணி அடித்த மாதிரி கிடக்கும் கட்டிலாகப் பார்த்து, "இன்னிக்கு அதுல படுடா" என்று கை காட்டுவார். ஆகவே முதுகில் குத்துகிற சட்டமும் கிரீச்சிடுகிற காலும் உள்ளவையே ராசிக்கு வாய்த்தன. தப்பித்தவறி ஒரு நல்ல கட்டில் அமைந்தால், முதுகு அதற்குப் பழகுவதற்குள் யாராவது வந்து கை நீட்டிவிடுவார்கள். அதைக் கழற்றி, வண்டியில் ஏற்றி, அவர்கள் வீட்டில் பூட்டிக் கொடுத்துவிட்டு வருவதும் ராசிதான். "நல்ல எடத்துக்குப் போச்சு" என்பார், பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர் போல.

அவருடைய அப்பா இதே கடையில் சுமை தூக்கியவர். லாரியிலிருந்து சரிந்த பீரோவுக்கு அடியிலிருந்து அவர் உயிரோடு வரவில்லை. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். ஆறு வயதுப் பையனை முதலாளி தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். வீட்டம்மா வாசலை மறித்து நின்று, "நமக்கெதுக்குங்க இந்த வம்பு?" என்றார். பையன் கடைக்கே திரும்பி வந்தான். சாப்பாடு வீட்டிலிருந்து தூக்குவாளியில் வரும். அங்கே விருந்தாளி வந்தால் வராது. பையனும் கேட்கமாட்டான். இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போனான். நின்றுவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. ஒருமுறை காய்ச்சலில் சுருண்டு கிடந்தவன்மேல் இருந்த போர்வையை, மெத்தை பார்க்க வந்த ஓர் அம்மாள் தூக்கிவிட்டு வீலென்று கத்தினாராம். முதலாளி கொஞ்சமும் அசரவில்லை.

"பாத்தீங்களாம்மா, அசையாமத் தூங்குறான். மெத்தை அவ்வளவு சொகம்."

அந்தக் கட்டில் அன்றைக்கே விற்றது. பையனுக்கு ராசி என்று பெயர் விழுந்தது அப்போதுதான். இதை அவரே என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தன் துணிமணிகளைக் கொஞ்ச காலம் ஓர் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தார். ஏதோ கல்யாண அவசரத்தில் அலமாரி விற்றுப்போக, அவரே அதைச் சட்டைகளோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிட்டார். நான்கு நாள் உடுத்திய துணியோடு திரிந்தார். போய்க் கேட்பதுதானே என்றேன். "சாவிய வாங்கிட்டாங்கல்ல? இனிமே அது அவங்க அலமாரி" என்றார். இப்போது எல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. அட்டைப்பெட்டியை யாரும் விலைக்குக் கேட்பதில்லை.

நாற்பதை நெருங்கிவிட்டார். மூன்று ஆள் வேலையை ஒற்றை ஆளாக இழுத்துப்போட்டுச் செய்கிறார். கடை நிறைய நாற்காலிகள் இருந்தும், பகலில் ஒன்றிலும் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீயும் நின்றபடிதான். விற்கிற சாமானில் உட்காரக்கூடாது என்பது சின்ன வயதில் வாங்கிய அடியோடு பதிந்த பாடம். அளவு நாடாவைத் தொடமாட்டார். வாங்குகிறவர் வீட்டுக்கு முன்கூட்டியே போய், மாடிப்படி வளைவில் இரண்டு கைகளையும் விரித்து ஒரு சுற்றுச் சுற்றுவார். விரல் சுவரில் இடித்தால், "படியில திரும்பாதுங்க" என்பார். அப்புறம் அப்பீலே கிடையாது. நான் ஆசைப்பட்ட மூன்று கதவு பீரோவும் அந்த ஒரு வார்த்தையில் அடிபட்டுப் போனது. "வந்த வியாபாரத்தக் கெடுக்கிறியேடா" என்று முதலாளி கத்துவார். "பொய் சொல்லி வித்தா கடைப் பேரு கெட்டுடும் மொதலாளி." முதலாளிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனபோது, இருபத்தாறு படி தூக்கிக்கொண்டு ஏறி, வளைவில் சுவர் உரசாமல் திருப்பி, கட்டிலில் கிடத்தியதும் இதே ஆள்தான்.

இப்போது கடையின் வரவு செலவைப் பார்ப்பவள் முதலாளியின் மகள். அவளுடைய தொட்டிலுக்குத் திருகாணி முடுக்கியவர் பத்து வயது ராசி. அவளை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். கடைக்குப் பின்னாலிருந்த பழைய கிடங்கை அவள் ஒழித்து, ஜன்னல் வைத்து, பெயின்ட் அடிக்கச் சொன்னாள்.

"அண்ணே, அது உங்க ரூமு. கட்டிலும் நீங்களே பாத்து எடுத்துக்குங்க."

நூற்றுக்கணக்கான கட்டில்களில் படுத்தெழுந்த மனிதர், ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார். கடைசியில் புதிதாக வந்திருந்த ஓர் ஒற்றைக் கட்டிலைக் காட்டினார். தேக்கு, பூவேலை எதுவும் கிடையாது, தலைமாடு மட்டும் லேசாகச் சாய்ந்திருக்கும். பாப்பா அதில் 'விற்றது' என்று அட்டை கட்டினாள். அறையில் பெயின்ட் காயும்வரை கட்டில் கடையிலேயே இருக்கட்டும் என்று ஏற்பாடு. ராசி தினமும் அதைத் துடைத்தார். ஆனால் படுத்தது வேறொன்றில். ஏன் என்று கேட்டேன்.

"வேணாங்க. நான் படுத்தா வித்துடும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குரல் இறங்கியிருந்தது.

போன வியாழக்கிழமை, முதலாளி கேட்டிருந்த நகல்களைக் கொடுக்கப் போயிருந்தேன். பாப்பா பேங்குக்குப் போயிருந்தாள். உள்ளே வந்த ஒருவர் நேரே அந்தக் கட்டிலிடம் போய் அட்டையைப் புரட்டினார்.

"இது வித்துடுச்சுங்களா?"

"நம்ம பையனுக்குன்னு கட்டி வச்சது. நீங்க எடுத்துக்குங்க" என்றார் முதலாளி. "அவனுக்கென்ன, எதுலயும் படுப்பான்."

அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. முப்பது வருடத்துக்குமேல் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது அதனால்தான்.

"ராசி, இதக் கழட்டுடா."

ராசி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்தார். கட்டிலின் காலருகே குனிந்தார். ஸ்பேனரைத் திருகாணியில் மாட்டி, திருப்பாமலே எடுத்தார். பிறகு நிமிர்ந்து, வந்தவரிடம் சொன்னார்.

"படியில திரும்பாதுங்க."

"எங்க வீட்டுல படியே இல்லையேப்பா. கீழ்வீடுதான்."

"இருந்தாலும் திரும்பாதுங்க."

சொல்லிவிட்டு, ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு, பட்டப்பகலில், முதலாளியின் கண்ணெதிரே, அந்தக் கட்டிலில் உட்கார்ந்தார்.