கறுத்துப்போன மகரந்தம்

"நிலத்துக்குக் கீழை எண்ணெய் குளம் மாதிரி நிக்கிறேல்லை அப்பா. கல்லுக்குள்ளை ஊறிப்போய்த்தான் கிடக்கும்."

தகப்பன் அம்பலவாணர் கேட்டது, "பிள்ளை, தேத்தண்ணி ஊத்தட்டோ?" என்று மட்டும்தான்.

எதைக் கேட்டாலும் எண்ணெயைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைக்கும்படி சயந்தினி ஆகிவிட்டாள். சுருவில் ஊரில் பஸ் ஏறினாலும் கடைக்குப் போனாலும் எல்லோருக்கும் ஒரே கேள்வி. பக்கத்து வீட்டு அரியநாயகம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். "என்ன தங்கச்சி, நாங்கள் எப்ப துபாய்க்காரர் ஆகிறது?"

"முதல்லை உங்கடை சைக்கிளுக்கு எண்ணெய் விடுங்கோ அண்ணை. சந்தியிலை வரேக்கையே கத்துது" என்பாள். சிரிக்கமாட்டாள்.

கடலில் எண்ணெய்க் கிணறு துளைக்கும் கம்பெனியில் அவளுக்குக் கல் பார்க்கிற வேலை. மகள் கம்சிகா பிறந்து மூன்று மாதம். லீவில் தகப்பன் வீட்டில் நிற்கிறாள். வேலைதான் அவளை விடவில்லை. துளையிலிருந்து வரும் கல்தூளை அமிலத்தில் கரைத்தால், மனிதர் தோன்றும் முன்னரே உதிர்ந்த மகரந்தம் மிஞ்சும். அதன் படங்கள் அவளுடைய கணினிக்கு வரும். மஞ்சள் என்றால் கல்லுக்குச் சூடு போதாது. பழுப்பென்றால் எண்ணெய் விளைந்திருக்கும். கறுப்பென்றால் சூடு மிஞ்சி எல்லாம் கடந்துவிட்டது. ஒரு கை பிள்ளையைத் தட்ட, மறு கை படங்களைத் தள்ளும். தகப்பன் குசினியில் எள்ளு வறுத்தாலும் எட்டி நிறத்தைத்தான் பார்ப்பாள். "பழுப்புத் தாண்டுது, இறக்குங்கோ."

கிணற்றுக்கு அந்த இடத்தைக் காட்டியவள் அவள். கடலுக்கடியில் பாறை கவிழ்த்த சட்டிபோல் மேலே வளைந்திருக்கிறது, ஏறிவரும் எண்ணெய் அதற்குள் மறிபடும் என்று நான்கு வருடம் மற்றவர்களோடு மல்லுக்கட்டி வென்ற இடம். போன கிழமையிலிருந்து படங்கள் கறுப்பாகவே வருகின்றன.

"அப்ப எண்ணெய் இருக்கேல்லையோ?" பேத்தியைத் தோளிலிருந்து இறக்க மனமில்லாத அம்பலவாணர் கேட்டார்.

"இருந்தது அப்பா. நிலம் நெருக்குப்பட்டு வளைஞ்சு, பிறகு வெடிச்சும் போச்சு. வெடிப்பாலை கொஞ்சம் ஓடியிட்டுது. மிச்சம் சூட்டிலை காஸாகி அதுவும் போயிட்டுது. கரிதான் கிடக்கு."

"எப்ப நடந்தது?"

"மனுசரே இல்லாத காலத்திலை."

"அப்ப உன்ரை பிழை இல்லையே!"

அவள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினாள்.

இன்று காலை கொழும்பிலிருந்து மேலாளர் அழைத்தார். இன்னும் ஆழமாகப் போய்ப் பார்ப்போமா என்று கேட்டார். அவள் 'ஓம்' என்றால் போதும். துளைப்பு இன்னும் ஒரு மாதம் ஓடும். அதுவரைக்கும் அவள் காட்டிய இடம் பிழையென்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். பால் குடித்த பிள்ளையின் முதுகை ஏவறை வரும்வரை தடவிக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்:

"கீழை போகப் போகச் சூடு கூடுமே ஒழியக் குறையாது, சேர். நிப்பாட்டுங்கோ. இடம் காட்டினது நான்தான் எண்டும் எழுதுங்கோ."