கிளியம்மாளின் நெற்றி

தசரதன் வண்டலூர்ப் பக்கம் ஒரு மரவாடியில் வேலை பார்த்தான். தினமும் காலையில் செம்பாக்கத்திலிருந்து மனைவி கிளியம்மாளை சைக்கிளில் வைத்து மிதித்துவந்து, தாம்பரத்தில் எங்கள் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டுப் போவான். அவன் தலை மறைந்ததும் இவள் புடவைத் தலைப்பால் நெற்றிப் பொட்டை அழுந்தத் துடைப்பாள். அப்படித் துடைக்க வைத்தவன் நான்.

நாங்கள் செய்தது தானாக ஓடும் மெஷின்களுக்கு மூளையான கன்ட்ரோலர். மூன்று திசைக்கு மூன்று மோட்டார். ஒவ்வொரு மோட்டாரின் வாலிலும் ஒரு என்கோடர், அதற்குள் எட்டணா அகலத்தில் ஒரு கண்ணாடித் தட்டு. தட்டில் முடியைவிட மெல்லிய ஆயிரம் கோடுகள். அவற்றை எண்ணித்தான் மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று கன்ட்ரோலர் அறியும். ஒரு தூள் ஒட்டினாலும் கணக்குத் தப்பி, மெஷின் எங்கோ போய் முட்டும். தட்டுகளை லென்ஸ் வைத்துப் பார்த்துக் கழிப்பது கிளியம்மாளின் வேலை.

1986இல் அந்த அறை வாசலில் அறிவிப்பு எழுதியவன் நான், தர ஆய்வாளன் என்ற திமிரோடு. பொட்டு விஷயத்தில், தூள் உதிரும் குங்குமம் மட்டும் கூடாது என்று எழுதியிருந்தால் போதும். பூ, பவுடர், பொட்டு கூடாது என்று எழுதித் தொலைத்தேன்.

கட்டினவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது தினமும் பொட்டை அழிக்கிற பிழைப்பு என்ன பிழைப்பு என்று மாமியார் கங்கையம்மாள் ஓயாமல் திட்டுவாளாம். தசரதன் சிரித்துவிட்டுப் போய்விடுவான். இரண்டு வருஷம் கழித்து ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு லாரி அவனை அடித்துப் போட்டது. சாவு வீட்டில் நாங்கள் எல்லாரும் நிற்கும்போதே கங்கையம்மாள் சொன்னாள்: "நீ அழிச்சி அழிச்சித்தான் எம்புள்ள போயிட்டான்."

பதினாறாம் நாள் முடிந்து வேலைக்கு வந்த கிளியம்மாள் நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"சார், ஸ்டிக்கர் பொட்டுல தூளு இல்லியே. அத்த வெச்சிகினு இருந்தா தட்டுக்கு எதுனா ஆயிருக்குமா?"

ஒன்றும் ஆகியிருக்காது. அதைச் சொன்னால், அவள் சும்மாவே அழித்தாள் என்றாகிவிடும். அதன் பசை உதிரும், அதுவும் கூடாதுதான் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்குப் பதவி உயர்வே கிடைத்தது.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. புதிதாக வந்த பெண்கள் ஸ்டிக்கர் பொட்டுக்காவது அனுமதி கேட்டபோதெல்லாம் மறுத்தேன். 'பொட்டழிப்பான்' என்று எனக்குப் பேர் வைத்தார்கள். 1996இல் செல்லம்மா என்ற பெண் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி மேனேஜரிடம் மனு கொடுத்தாள். அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். முடியாது என்றேன்.

அன்று சாப்பாட்டு வேளையில் கிளியம்மாள் வந்தாள்.

"குடுத்துடுங்க சார். அதுங்களாவது வெச்சிக்கட்டும்."

பசை உதிருமே என்று ஆரம்பித்தேன்.

"உதிராது சார். நீங்க சொன்ன மறுவாரமே கழிச்ச தட்டு ஒண்ணுல ஸ்டிக்கர ஒட்டி, எடுத்துட்டு லென்ஸுல பாத்தேன். பக்கத்துல ஒரு கோட்டுலகூட ஒண்ணும் வுழல."

எட்டு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க சொன்னதத்தான் மாமியாகிட்ட போய் சொன்னேன். அது நம்பி, என்னத் திட்டறத வுட்டுச்சி. எனக்குத்தான் நம்ப முடியல சார்."