விழுந்து கும்பிட்டவர்

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் ஒருவன் கையை முறித்துவிட்டுச் சிறைக்குப் போனேன். எனக்கு எப்போதும் முதலில் கைதான் நீளும். எங்களில் இருபது பேரை வில்லியனூர்ப் பக்கம் சாலைக்குக் கல் உடைக்கக் கொண்டுபோய், ஒரு கீற்றுக் கொட்டகையில் அடைத்திருந்தார்கள்.

அங்கிருந்த வார்டர் எதற்கெடுத்தாலும் பிரம்பைத் தூக்குவான். ஒரு மத்தியானம் என் கஞ்சிக் கலயத்தை உதைத்துக் கவிழ்த்துவிட்டு, மண்ணோடு அள்ளிக் குடிக்கச் சொன்னான். குனியவில்லை என்று முதுகில் நாலு வைத்தான். அவன் முதுகைக் காட்டியதும் சுத்தியலைத் திருப்பி, பிடியால் அவன் மண்டையில் ஓங்கிப் போட்டேன். ரத்தம் கண்ணை மறைக்க விழுந்தான். பக்கத்தில் கல் உடைத்துக்கொண்டிருந்த பண்டசோழநல்லூர்க்காரர் ஓடிவந்து அவனைத் தூக்கினார். அவர் கையெல்லாம் ரத்தம். கண்ணைத் துடைத்த வார்டர் அந்தக் கையைத்தான் பார்த்தான்; அடித்தது அவர்தான் என்று காட்டினான். மற்ற வார்டர்கள் அவரை அங்கேயே துவைத்து எடுத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பயம். இன்றும் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

மறுநாள் சிறைத் துரை விசாரிக்க வந்தார். கைதி தன் பக்கத்தைச் சொல்லலாம், சாட்சியைக் கூப்பிடலாம் என்பது அவர்கள் சட்டம். விசாரணைக்கு முன்னால் பண்டசோழநல்லூர்க்காரரிடம் போனேன்.

"மாமா, என்னச் சாட்சிக்குக் கூப்புடு. நான்தான் அடிச்சேன்னு சொல்லிடறேன்."

"மாத்திப் பேசிடாதப்பா" என்றார்.

துரை நாற்காலியில் இருந்தார். அவர் பேச்சை மொழிபெயர்க்கும் துபாசி குற்றத்தைத் தமிழில் படித்து, "இன்னா சொல்ற?" என்று கேட்டான். எங்கள் பக்கத்துப் பஞ்சாயத்தில் பேசப்போகிறவன் முதலில் சபையை விழுந்து கும்பிடவேண்டும். எழுந்திரு என்று சொன்ன பிறகுதான் பேசலாம். மாமாவும் அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். துரை அதைப் பார்த்துத் தலையை ஆட்டி, ஏதோ எழுதினார்.

"கால்ல வுழுந்து குத்தத்த ஒத்துக்கினான். சாட்சி வேணாம். முப்பது நாள் இருட்டறை, கால்ல வெலங்கு" என்றான் துபாசி.

"அடிச்சது நானுங்க" என்று கத்திக்கொண்டு எழுந்தேன். துப்பாக்கிக் கட்டையால் வாயில் இடித்தார்கள். இரண்டு பல் மண்ணில் விழுந்தது. நான் சொன்னதைத் துபாசி துரைக்குச் சொல்லவே இல்லை.

விலங்கு அறுத்த புண் புரையோடி, மாமாவுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஏர் ஓட்டிய கால். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

"ஏன் மாமா வுழுந்த? நின்னுகினே சொல்லியிருக்கலாம்ல?"

"சபையக் கும்புடாம எப்பிடிப்பா பேசறது? எழுந்திருன்னு சொன்னதும் உன்னக் கூப்புடலாம்னு கெடந்தேன். யாரும் சொல்லலியே."